அத்தியாயம் 6: ஊர் பேர் தெரிந்த துணுக்குகள்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மீன்களுக்காக ஓர் அழைப்பு மணி இருக்கிறது. நகரத்துக் கால்வாயில் படகுகள் கடந்துபோகும் பழைய மதகு ஒன்று உண்டு. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட இடம் தேடி அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் அந்தப் பருவத்தில் படகுகள் குறைவு என்பதால் மதகு அதிகம் திறக்கப்படுவதில்லை. கதவுக்கு முன்னால் தேங்கி நிற்கும் மீன்கள் பறவைகளுக்கும் பெரிய மீன்களுக்கும் இரையாகிவிடுகின்றன. 2021 முதல் அங்கே தண்ணீருக்குள் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அதன் நேரலையை உலகில் எவரும் பார்க்கலாம். மீன் தென்பட்டால் திரையில் உள்ள மணியை அழுத்த வேண்டும். உடனே ஒரு படம் பதிவாகும். மீன்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டன என்று தெரிந்ததும் மதகுக் காவலர் கதவைத் திறந்துவிடுவார்.

இதே செய்தி நம் கைப்பேசிக்கு ஃபார்வர்டாக வரும்போது எப்படி வரும்? இருபது விநாடி வீடியோ, மேலே அதிரடி இசை, கீழே "மீனுக்கும் காலிங்பெல் வைத்த நாடு! நாம் எப்போது திருந்தப் போகிறோம்?" என்று ஒரு வரி. நகரத்தின் பெயர் இல்லை. மீன்கள் ஏன் நிற்கின்றன என்ற காரணம் இல்லை. நாமும் போய் மணியை அழுத்தலாம் என்ற தகவலே இல்லை. பார்ப்பவருக்கு மிஞ்சுவது ஒரு பெருமூச்சு. செய்தியின் உயிரான பகுதி முழுவதும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இணையத்தில் சிரிக்க வைக்கும், யோசிக்க வைக்கும் சங்கதிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவது நல்ல பழக்கம், உறவுக்கும் நல்லது. அதைச் செம்மையாகச் செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். துணுக்கை ஊர் பேரோடு அனுப்புங்கள், அது யாருக்குப் பிடிக்குமோ அவருக்கு அனுப்புங்கள், உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இனி வருவதெல்லாம் இதன் விளக்கமே.

இது புதிய வேலையும் அல்ல. ஜார்ஜ் நியூன்ஸ் 1881-இல் இங்கிலாந்தில் 'டிட்-பிட்ஸ்' என்ற வார இதழைத் தொடங்கினார். உலகத்துப் புத்தகங்கள், பருவ இதழ்கள், நாளேடுகள் எல்லாவற்றிலிருந்தும் சுவையானவற்றைத் திரட்டித் தருவதாக அதன் முழுத் தலைப்பே சொன்னது. தமிழில் கலைமகள் நிறுவனம் 1947-இல் தொடங்கிய 'மஞ்சரி' பிற மொழிகளில் வெளிவந்த நல்ல கட்டுரைகளைச் சுருக்கி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த இதழ்களில் தேர்ந்தெடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் கிடையாது. அனுப்புகிற ஒவ்வொருவரும் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கிறது.

எங்கே தேடுவது?

தானாக வந்து விழும் ரீல்ஸில் நல்லதும் உண்டுதான். ஆனால் அங்கே வருவது எல்லோருக்கும் வந்திருக்கும். நீங்கள் அனுப்பும் துணுக்கைக் குழுவில் ஏற்கெனவே மூன்று பேர் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளிப்போய்த் தேடுகிறவருக்குத்தான் பிறர் பார்க்காதது கிடைக்கும்.

நான் முதலில் கைகாட்டுவது 'இக் நோபல்' பரிசுப் பட்டியலை. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்காக 1991-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பரிசு இது. ஒவ்வோர் ஆண்டின் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஒரு தவளையைக் காந்தப் புலத்தால் அந்தரத்தில் மிதக்க வைத்ததற்காக இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் இந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, கிராஃபீன் ஆய்வுக்காக அதே மனிதர் உண்மையான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். 2002-இல் கணிதப் பிரிவுப் பரிசு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீகுமார், நிர்மலன் ஆகிய இருவருக்குப் போனது. இந்திய யானையின் உடல் பரப்பளவை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் ஆய்வு. யானையின் தோள் உயரமும் முன்பாதச் சுற்றளவும் தெரிந்தால் போதும், ஒரு சூத்திரம் விடையைச் சொல்லிவிடும். கணக்குப் பாடத்தைக் கண்டு ஓடும் ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் என்னை அதிகம் உலுக்கியது 2003-இன் அமைதிப் பரிசு. அது உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரிக்குக் கிடைத்தது. 1970-களில் வங்கிக் கடனுக்காக முயன்றபோது, அரசுப் பதிவேட்டில் தாம் இறந்துபோனவராக இருப்பதை அவர் அறிந்தார். நிலத்துக்காகச் சொந்த உறவினரே செய்த வேலை அது. உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் செய்ததெல்லாம் கேட்டால் சிரிப்பு வரும். தம் பெயரோடு 'இறந்தவர்' என்று பொருள்படும் இந்திச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். 1989-இல் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். இறந்தவர்கள் சங்கம் என்று ஓர் அமைப்பையே நடத்தினார். 1994-இல்தான் அரசு அவரை உயிரோடிருப்பவராக ஏற்றுக்கொண்டது. தம்மைப் போலவே காகிதத்தில் கொல்லப்பட்ட பலருக்காக அவர் தொடர்ந்து போராடினார்.

இந்தக் கதையை "செத்தவர் தேர்தலில் நின்றார்!" என்று ஒரு வரியில் அனுப்பலாம், எல்லோரும் சிரிப்பார்கள். நிலத்தையும் உறவினரையும் சேர்த்துச் சொன்னால் சிரித்து முடித்ததும் ஒரு கணம் பேச்சு நிற்கும். நம் ஊர்த் தாலுகா அலுவலக வாசலில் காத்திருக்கும் யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார். நல்ல துணுக்கு இரண்டு வேலையையும் செய்யும். இரண்டாவது வேலை நடக்க, விவரம் வேண்டும்.

தமிழ்ச் சேகரங்களையும் மறந்துவிடாதீர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேகரிக்கும் 'நூலகம்' வலைத்தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகிய மூன்றும் கட்டணமில்லாமல் திறந்திருக்கின்றன. பழைய இதழ் ஒன்றைத் திறந்தால் கதைகளை விட்டுவிட்டு முதலில் விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். ஒரு தலைமுறை எதற்கு ஆசைப்பட்டது, எதைக் கண்டு பயந்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். உங்கள் தாத்தா பாட்டி வாலிபத்தில் பார்த்த பக்கம் அதுவாகவே இருக்கலாம். அதை அவர்களுக்கே அனுப்புங்கள். திரும்பி வரும் கதை, நீங்கள் அனுப்பியதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் விசித்திரமான கட்டுரைகளுக்கென்றே ஒரு பட்டியல் பக்கம் இருக்கிறது. 'ரேடியோ கார்டன்' தளத்தில் பூமி உருண்டையைச் சுழற்றி எந்த ஊர் வானொலியையும் நேரடியாகக் கேட்கலாம். இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போதும்.

மூலத்தைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு தீபாவளிக்கும் சுற்றும் படம் ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். விண்வெளியிலிருந்து பார்த்தால் இந்தியா வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு வெளிச்சங்களில் மின்னுகிறது. "தீபாவளி இரவில் நாசா எடுத்த படம்" என்று தலைப்பு. படம் உண்மையானது, தலைப்பு பொய். அமெரிக்க வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-இல் செயற்கைக்கோள் தரவுகளை அடுக்கி உருவாக்கிய தொகுப்பு அது. வெள்ளை 1992-க்கு முன்பே இருந்த விளக்குகள், நீலம் 1992-இல் தெரிந்தவை, பச்சை 1998-இல், சிவப்பு 2003-இல். 2012-இல் நாசாவே இதை விளக்கி, உண்மையான தீபாவளி இரவுப் படம் ஒன்றையும் வெளியிட்டது. பண்டிகை விளக்குகளால் கூடும் வெளிச்சம், விண்ணிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது என்றும் சொன்னது.

இப்போது யோசியுங்கள். ஓர் இரவுப் பட்டாசு வெளிச்சம் பெரிய விஷயமா, பத்தாண்டுகளில் ஊர் ஊராக விளக்கு எரியத் தொடங்கியது பெரிய விஷயமா? அந்தப் படத்தில் தம் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தேடுவதில்தான் சுவாரஸ்யம். மூலத்தைத் தேடிப் போனால் சுவை குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது.

தேடும் முறை எளிது. படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் கொடுங்கள். 'டின்ஐ' என்ற தளத்தில் கொடுத்தால் அதே படம் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும், பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தவும் செய்யலாம். நேற்று நடந்ததாகச் சொல்லப்படும் வெள்ளம் ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் வந்த வெள்ளமாக இருக்கும். வீடியோவாக இருந்தால் தெளிவான காட்சி ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைத் தேடுங்கள். கடைப் பலகை, வண்டி எண், பேச்சு மொழி ஆகியவற்றைக் கவனித்தால் நாடு பிடிபடும்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களுக்கு, விரல்களை எண்ணிப் பார்க்கும் பழைய உத்தி இப்போது உதவாது. நான் சொல்லும் வழி வேறு. உண்மையான இடத்துக்கு இரண்டாவது படம் இருக்கும். மலை உச்சியில் கண்ணாடிக் கோயில் என்று வந்தால், அதை இன்னொருவர் வேறு கோணத்தில், வேறு வெயிலில் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஊர் பெயரும் சொல்லப்படாமல், ஒரே கோணத்தில் ஒரே படம்தான் உலவுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

பொன்மொழிகள் தனிச் சிக்கல். அப்துல் கலாம், ஐன்ஸ்டைன், புத்தர் ஆகிய மூவர் தலையிலும் ஏற்றப்படும் வாசகங்களுக்கு அளவே இல்லை. எந்த நூல், எந்த உரை, எந்த ஆண்டு என்று தெரியாத மேற்கோளைப் பெயர் போட்டு அனுப்பாதீர்கள். வாசகம் அவ்வளவு பிடித்திருந்தால் பெயரை எடுத்துவிட்டு அனுப்புங்கள். நல்ல வாசகமாக இருந்தால் பெயர் இல்லாமலும் நிற்கும்.

வேடிக்கைக்காகவே எழுதப்பட்ட பொய்களுக்கும் ஊர் பேர் அவசியம். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்து வருகிறது, காப்பாற்றுங்கள் என்று 1998-இல் ஒரு வலைத்தளம் தொடங்கப்பட்டது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் அது வாழ்வதாகக் கதை. படம், உணவுப் பழக்கம், அழிவுக்கான காரணம் எல்லாம் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதன் பிறகு, இணையத்தில் எதை நம்புவது என்று கற்பிக்கும் வகுப்புகளில் அது பாடமாகிவிட்டது. இந்தத் தளத்தை அனுப்பும்போது "இது நம்மைச் சோதிப்பதற்கான வேடிக்கை" என்பதை எப்போது சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசியில் சொல்லலாம். சொல்லாமல் விடக் கூடாது.

எச்சரிக்கைச் செய்திகளுக்கு மட்டும் விதி கடுமையானது. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று சந்தேகித்து ஊரார் தாக்கினார்கள். ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அதற்கு முன் பல வாரங்களாக வாட்ஸ்அப்பில் குழந்தை கடத்தல் வதந்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. அனுப்பிய எவரும் கொலை செய்ய நினைத்திருக்க மாட்டார்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். காவல்துறையின் அறிவிப்பாகவோ, பெயர் போட்ட நாளேட்டுச் செய்தியாகவோ இல்லாத எந்த எச்சரிக்கையையும் உங்கள் கையோடு நிறுத்திவிடுங்கள்.

மூலம் கிடைத்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள். யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸ் சேவையை மூடியபோது, தனிமனிதர்கள் ஆசை ஆசையாகக் கட்டிய எண்ணற்ற பக்கங்கள் ஒரே நாளில் போயின. தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. 1996-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' பக்கத்தில் எந்த முகவரியையும் கொடுத்துச் சேமிக்கலாம். அரை நிமிட வேலை. ரசித்த பக்கம் சின்னத் தளத்தில் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பெரிய தளங்களைப் பாதுகாக்க ஆள் இருக்கிறார்கள்.

யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்து?

2002-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பள்ளிச் சிறுவன் ஒருவன், பள்ளி ஸ்டூடியோவில் தனியாக நின்று, நீளக் கம்பு ஒன்றைச் சுழற்றி, சினிமா வீரனைப் போலச் சண்டையிட்டு அதைத் தானே வீடியோ எடுத்தான். 2003-இல் சக மாணவர்கள் அதை இணையத்தில் போட்டார்கள். யூடியூப் வருவதற்கு முன்பே உலகம் முழுவதும் பரவிய வீடியோ அது. லட்சக்கணக்கானோர் சிரித்தார்கள். அவனோ வகுப்புக்கே போக முடியாத நிலைக்கு ஆளானான். குடும்பம் வழக்குத் தொடுத்தது, 2006-இல் சமரசமானது. வளர்ந்த பிறகு அவர் இணையக் கொடுமைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். அவர் பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

வீடியோவில் இருப்பவர் அது வெளியே போவதை விரும்பியிருப்பாரா? இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல முடியாவிட்டால் அனுப்ப வேண்டாம். விழுந்தவர், குடித்தவர், அழுதவர், மேடையில் வார்த்தை தடுமாறியவர், மழலையில் உளறிய குழந்தை, மருத்துவமனையில் படுத்திருப்பவர் ஆகியோரை விட்டுவிடுங்கள். தன் திறமையைக் காட்ட விரும்பிப் பாடியவர், வேடிக்கை செய்ய விரும்பி நடித்தவர், வரைந்தவர், எழுதியவர் போன்றோரைத் தாராளமாகப் பகிருங்கள். ஆனால் அவர்கள் பெயரோடு பகிருங்கள். கார்ட்டூனின் மூலையில் இருக்கும் கையெழுத்தை வெட்டிவிட்டு அனுப்புவது திருட்டு. அவருடைய பக்கத்துக்கான லிங்க்கை அனுப்பினால் பார்வையும் பாராட்டும் அவரைப் போய்ச் சேரும்.

கூடவே எழுதும் வரி

வெறும் லிங்க் அனுப்புவது, கதவைத் தட்டிவிட்டு ஓடுவது போன்றது. அது என்ன, ஏன் இவருக்கு என்று எழுதுங்கள். "செம", "மிஸ் பண்ணாதீங்க", "கடைசி வரை பாருங்க" போன்றவை எதையும் சொல்வதில்லை. அவை பார்ப்பவரை வற்புறுத்துகின்றன, அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் வளர்ந்த நண்பருக்கு மீன் மணியை அனுப்புவதாக இருந்தால் நான் இப்படி எழுதுவேன்: "உட்ரெக்ட் நகரில் மீன் வந்தால் நாமே மணியடித்து மதகைத் திறக்கச் சொல்லலாமாம். மார்ச் முதல் மே வரைதான் இதற்குப் பருவம். பெரும்பாலான நேரம் கலங்கிய தண்ணீர்தான் தெரியும், பொறுமை வேண்டும். உங்கள் ஊர் அணைக்கட்டில் மீன் ஏறுவதை நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது." இதில் என்ன, எங்கே, எப்போது, என்ன எதிர்பார்க்கலாம், ஏன் உங்களுக்கு என்ற ஐந்தும் வந்துவிட்டன.

வீடியோவாக இருந்தால் எத்தனை நிமிடம், எந்த மொழி, சத்தம் வைத்துப் பார்க்க வேண்டுமா என்று சொல்லிவிடுங்கள். நாற்பது நிமிட உரையில் நீங்கள் ரசித்தது 12-ஆம் நிமிடத்தில் இருந்தால் அந்த நிமிடத்தைக் குறிப்பிடுங்கள். சிரிப்பு எங்கே வெடிக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே உடைத்துவிடாதீர்கள். ஆங்கிலக் கட்டுரை என்றால், ஆங்கிலம் பழகாத பெரியவர்களுக்கு அதன் சாரத்தை நான்கு வரித் தமிழில் எழுதிக் கொடுங்கள். இந்த நூலில் சொல்லியிருக்கும் எல்லாப் பழக்கங்களிலும் அதிக நன்றியைப் பெற்றுத் தருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

யாருக்கு?

வாட்ஸ்அப் 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. 2020-இல், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தாலே அது எல்லோருக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பத் தேவையில்லை.

குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் தவறான படத்தைப் போட்டால் அங்கேயே மறுக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் திருத்தப்பட்டவர் தவறை நினைக்க மாட்டார், அவமானத்தைத்தான் நினைப்பார். தனியாக எழுதுங்கள்: "பெரியப்பா, நீங்க போட்ட தீபாவளிப் படத்தை நானும் தேடிப் பார்த்தேன். அது இருபது வருஷத்துக்கு முன்னாடி சேர்த்து உருவாக்கின படமாம். எந்த நிறம் எந்த வருஷம்னு நாசா பக்கத்துல விளக்கம் இருக்கு, லிங்க் அனுப்புறேன். நம்ம ஊர் சிவப்புலதான் இருக்கு போல, நீங்களே பாருங்க." பெரும்பாலும் அவரே போய்க் குழுவில் திருத்தம் போட்டுவிடுவார், அந்தப் பெருமையும் அவருக்கே போய்ச் சேரும். யாரையும் புண்படுத்தாமல் உண்மையைச் சொல்ல வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எச்சரிக்கை வதந்தியாக இருந்தால் மட்டும் காத்திருக்காமல் குழுவிலேயே உடனே சொல்லுங்கள். அங்கே மரியாதையைவிட உயிர் பெரிது.

குழுவைவிடத் தனி மனிதருக்கு அனுப்புவதே என் விருப்பம். மரியா போபோவா 2006-இல் தாம் ரசித்தவற்றைத் தொகுத்து வாரம் ஒரு மின்னஞ்சலாக அனுப்பத் தொடங்கியபோது, அது உடன் வேலை செய்த ஏழு பேருக்குத்தான் போனது. பின்னாளில் அது 'பிரெயின் பிக்கிங்ஸ்' என்ற வலைத்தளமாக வளர்ந்தது. 2012-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தன் நிரந்தர வலைக் காப்பகத்தில் சேர்த்துக்கொண்டது.

நீங்களும் ஒரு தாளில் ஏழு பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவருக்கு எதில் ஆசை என்று குறியுங்கள்: பழைய ரயில், தையல், கிரிக்கெட் கணக்கு, கோயில் கல்வெட்டு, சமையல், நட்சத்திரம். இந்த வாரம் அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு துணுக்கைத் தேடி எடுத்து, மூலத்தைச் சரிபார்த்து, உங்கள் வரியையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னொருவருக்கு அனுப்புங்கள்.